நிலத்திலிருந்து மனிதனைக் கழித்தால்

1

ஓர் இடத்தின் முழுத் தோற்றத்தைக் குறிக்க ரஷ்ய மொழியில் இரண்டு இரவல் சொற்கள் உண்டு. பிரெஞ்சிலிருந்து வந்தது ‘பெய்ஸாஜ்’. ஜெர்மனிலிருந்து வந்தது ‘லாண்ட்ஷாஃப்ட்’. ஓவியர்களும் நாவலாசிரியர்களும் முதல் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். புவியியல்காரர்கள் இரண்டாவதை எடுத்துக்கொண்டார்கள். ஒரே வயல்வெளிக்கு முன் நின்று இரு சாராரும் இரு வேறு சொற்களைச் சொன்னார்கள் என்பது சொல்லகராதியோடு முடிந்துபோகிற விஷயம் இல்லை.

பெய்ஸாஜ் என்றால் அங்கே ஒருவன் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். அவன் நகர்ந்தால் அது மாறும். அவன் போய்விட்டால் அதுவும் போய்விடும். லாண்ட்ஷாஃப்டுக்குப் பார்ப்பவன் தேவையில்லை. பாறை, தண்ணீர், காற்று, மண், செடிகொடி, பிராணி எல்லாம் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு ஒரு முழுமையாக இயங்கும் இடம் அது. யாரும் பார்க்காத இரவிலும் அது இயங்கிக்கொண்டிருக்கும். தமிழில் நாம் வழங்கும் ‘நிலக்காட்சி’யில் காட்சி ஒட்டிக்கொண்டிருப்பதால் அது பெய்ஸாஜுக்குத்தான் பொருந்தும். மற்றதற்குச் சொல் தேடினால் ‘திணை’ நாவில் வந்து நிற்கும். ஆனால் திணையில் மனித உணர்வுக்கு உரிப்பொருள் என்று ஓர் ஆசனம் முன்கூட்டியே போடப்பட்டிருக்கிறது. லாண்ட்ஷாஃப்டின் நூற்றாண்டு வரலாறோ அந்த ஆசனத்தில் யாரை உட்காரவைப்பது, அல்லது ஆசனமே வேண்டாமா என்று தீர்மானிக்க முடியாமல் தவித்த வரலாறு. எனவே இரவல் சொல்லையே வைத்துக்கொள்கிறேன்.

இந்தத் தவிப்பை விஞ்ஞான முறையியலின் உள்விவகாரமாக மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம். எனக்கு அது ஒழுக்கவியல் பிரச்னையாகப் படுகிறது. ஓர் இடத்தை விவரிக்கும்போது அங்கே வாழ்பவனை எந்த வகையில் சேர்க்கிறோம் என்பது, அந்த இடத்துக்கு நாளை என்ன செய்யலாம் என்று நாம் அனுமதிப்பதோடு சம்பந்தப்பட்டது.

2

முழுமை என்ற கருத்து ரஷ்யாவில் எங்கே பிறந்தது என்று பார்க்க வேண்டும். வஸீலி தொகுச்சாயெவ் (1846–1903) மண்ணை ஆராய்ந்தவர். ரஷ்யக் கருமண் பற்றிய அவருடைய நூல் 1883இல் வந்தது. அதுவரை நிலவியல்காரருக்கு மண் என்பது பாறையின் நொறுங்கிய மேல்தோல். விவசாய ரசாயனக்காரருக்குப் பயிரின் உணவு நிரம்பிய பாத்திரம். தொகுச்சாயெவ் மண் ஒரு தனித்த இயற்கைப் பொருள் என்றார். அடிப்பாறை, தட்பவெப்பம், உயிர்கள், நிலத்தின் மேடுபள்ளம், அந்த இடத்தின் வயது ஆகிய ஐந்தும் சேர்ந்து பெற்றெடுத்தது மண். ஆகவே குழி வெட்டி மண்ணின் குறுக்குவெட்டைப் பார்க்கத் தெரிந்தவனுக்கு அந்தப் பிரதேசத்தின் சரித்திரமே அதில் அடுக்கடுக்காகத் தெரியும். பின்னால் லாண்ட்ஷாஃப்ட் என்று பேசப்பட்ட முழுமையின் விதை இதுதான்.

1891இல் வோல்காப் பகுதியிலும் கருமண் மாகாணங்களிலும் மழை பொய்த்தது. பெரும் பஞ்சம் வந்தது. தேசத்திலேயே வளமான மண்ணின் மேல் உட்கார்ந்துகொண்டு விவசாயி பட்டினியால் செத்தான். மறு ஆண்டு தொகுச்சாயெவ் நமது ஸ்தெப்பிகள் அன்றும் இன்றும் என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு சிறு நூலை வெளியிட்டார். விற்பனைப் பணம் பஞ்சத்தில் அடிபட்டவர்களுக்கு. அதில் அவர் சொன்ன காரணம் வானத்தோடு நிற்கவில்லை. காடுகள் வெட்டப்பட்டன, கன்னிப் புல்வெளி முழுக்க உழப்பட்டது, ஓடைப் பள்ளங்கள் நிலத்தை அரித்துப் பெருகின, மறைப்பில்லாத வெளியில் பனி காற்றோடு போயிற்று, நிலத்தடி நீர் இறங்கியது. வறட்சி வந்தபோது அதைத் தாங்கும் சக்தியை நிலம் ஏற்கெனவே இழந்திருந்தது. 1892இல் அவர் தலைமையில் புறப்பட்ட குழு வொரோனெஷ் மாகாணத்துக் காமென்னயா ஸ்தெப்பியில் மரவரிசைகளை நடவும் குளங்களை வெட்டவும் தொடங்கியது. அந்த மரவரிசைகளில் பழையவை இன்றும் நிற்கின்றன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நிலம் ஒரு முழுமை என்பது அது உடைந்த இடத்தில்தான் தெரிந்தது. உடைத்தவனைச் சொல்லாமல் முழுமையைச் சொல்ல முடியவில்லை. தொகுச்சாயெவிடம் விவரிப்பும் குற்றச்சாட்டும் ஒரே வாக்கியத்தில் இருந்தன. மனிதன் உள்ளே இருந்தான், குற்றவாளியாகவாவது.

3

லெவ் பெர்க் (1876–1950) மீன்களை ஆராய்ந்தவர். லாண்ட்ஷாஃப்டைப் புவியியலின் மையப் பொருளாக்கியவரும் அவரே. நிலவடிவம், தட்பவெப்பம், தாவரம், மண் ஆகியவற்றின் தன்மைகள் ஓர் இசைவான முழுமையாக இணைந்து, ஒரு மண்டலம் நெடுக மாதிரி மாறாமல் திரும்பத் திரும்ப வரும் பிரதேசம் என்று 1913இல் அவர் அதை வரையறுத்தார். 1931இல் சோவியத் யூனியனின் மண்டலங்கள் பற்றிய நூலில் பட்டியல் நீண்டது. விலங்குகள் வந்தன. கடைசியில் மனிதச் செயலும் வந்தது. ஆனால் ஓர் அடைமொழியோடு: ஓரளவுக்கு.

இந்த ‘ஓரளவுக்கு’ என்னை வெகுநாள் விடாமல் தொந்தரவு செய்தது. எந்த அளவுக்கு? அளவு தாண்டினால் என்ன ஆகும்? அப்போது அது லாண்ட்ஷாஃப்டாக இருக்காதா? வரையறையில் பதில் இல்லை. இன்னொரு விஷயமும் இருக்கிறது. ‘இசைவு’ என்பது ரசனையின் சொல். இசைவைக் கேட்க ஒரு காது வேண்டும். பெய்ஸாஜை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திய விஞ்ஞானம் ஜன்னல் வழியாக அதை உள்ளே கூப்பிட்டுக்கொண்டது. சக அறிஞரான அந்திரேய் கிரிகோரியெவ் பெர்க்கின் கருத்து இயக்கமற்றது, இயற்கையின் நிகழ்வோட்டத்தைக் காணத் தவறுவது என்று கடுமையாகத் தாக்கினார். ஆனால் அவர் சார்பில் பேசியதும் ஆளில்லாத நிகழ்வோட்டம்தான்.

பெர்க் இளவயதில் ஆராய்ந்த இடம் ஏரல் கடல். 1908இல் அதைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார். மத்திய ஆசியா இயற்கையாகவே தொடர்ந்து வறண்டுகொண்டு வருகிறது என்பது அக்காலத்தில் பலர் ஏற்றுக்கொண்டிருந்த கொள்கை. அப்படியில்லை, ஏரலின் மட்டம் ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறது, அப்போது ஏறிக்கொண்டிருக்கிறது என்று அவர் காட்டினார். அவர் இறந்து பத்து ஆண்டுகள் கழித்து 1960களில் ஏரல் சுருங்கத் தொடங்கியது. அமு தாரியாவின் தண்ணீரும் சிர் தாரியாவின் தண்ணீரும் பருத்திக்குத் திருப்பப்பட்டன. 1960இல் சுமார் 68,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நீர்நிலை அது. 2014இல் அதன் தென்பகுதியின் கிழக்குப் படுகை முழுவதும் காய்ந்து கிடந்தது. கடல் இருந்த இடத்தில் உருவான பாலைக்கு இப்போது ஏரல்கும் என்று பெயர். ‘ஓரளவுக்கு’ எவ்வளவு என்ற கேள்விக்கு அந்தப் பாலையை அளந்து பதில் சொல்லலாம். இயற்கை அதை வறளச்செய்யவில்லை என்பதற்கு முதல் சாட்சியம் பெர்க்கின் நூலே என்பது இந்தக் கதையின் கசப்பு.

4

பெர்க் அரைமனதோடு உள்ளே விட்ட மனிதனை அடுத்து வந்தவர்கள் முழுமனதோடு வெளியே அனுப்பினார்கள். இதற்குப் பின்னால் கட்சியின் தத்துவமும் இருந்தது. 1938இல் ஸ்டாலினின் பெயரில் வெளிவந்த இயங்கியல் பொருள்முதல்வாத விளக்கம், புவிச்சூழல் சமூக வளர்ச்சியைத் தீர்மானிப்பதில்லை என்று முடிவுகட்டியது. சமூகம் சில நூறு ஆண்டுகளில் தலைகீழாக மாறுகிறது, புவிச்சூழல் அவ்வளவு வேகத்தில் மாறுவதில்லை என்பது வாதம். இதிலிருந்து இரண்டு விதிகள், இரண்டு புவியியல்கள் என்றாயிற்று. இயற்கையின் விதிகளை ஆராய்வது ஒன்று, உற்பத்தியின் இருப்பிடங்களை ஆராய்வது இன்னொன்று. இரண்டையும் சேர்க்க நினைத்தவனுக்குப் ‘புவியியல் நிர்ணயவாதி’ என்ற பட்டம் காத்திருந்தது. 1960இல் வி. ஏ. அனூச்சின் புவியியல் ஒன்றே என்று ஒரு நூல் எழுதியபோது எழுந்த கண்டனங்களின் கடுமையிலிருந்து சுவரின் கனம் தெரியும்.

சுவருக்கு இந்தப் பக்கத்தில் மாஸ்கோ பல்கலைக்கழகத்து நிகலாய் ஸோல்ன்ட்ஸெவ் லாண்ட்ஷாஃப்டின் உள்ளமைப்பை நுணுக்கமாக வகுத்தார். மிகச் சிறிய அலகு ஃபேஸீஸ்: ஒரே பாறை, ஒரே ஈரம், ஒரே செடிக்கூட்டம் உள்ள துண்டு நிலம். அவை சேர்ந்தால் உரோச்சிஷ்ச்சே: ஒரு பள்ளத்தாக்கு தன் சரிவுகளோடு, ஒரு மேடு தன் தோள்களோடு. இந்த அமைப்பின் அழகை மறுக்க முடியாது. களத்தில் நடந்து பார்த்தவர்கள் வகுத்தது.

உரோச்சிஷ்ச்சே என்ற சொல் அவர்கள் செய்ததில்லை. பழைய ரஷ்யக் கிராமத்துச் சொல். ஊர்க்காரர்கள் எல்லை அடையாளமாக ஒத்துக்கொண்ட இயற்கையான இடம், சுற்றியுள்ளதிலிருந்து வேறுபட்டு நிற்பதால் பெயர் பெற்ற தோப்பு, சதுப்பு, பள்ளம் இவை உரோச்சிஷ்ச்சே. அதாவது அந்தச் சொல்லுக்குள் ஒரு பேச்சு இருந்தது, ஓர் ஒப்பந்தம் இருந்தது, பெயர் வைத்த வாய் இருந்தது. விஞ்ஞானம் அதை எடுத்துக்கொண்டபோது வாயைக் கழித்துவிட்டுப் பள்ளத்தை மட்டும் வைத்துக்கொண்டது.

அதே சொல்லுக்கு இன்னொரு கதியும் நேர்ந்தது. சோவியத் நில அளவை வரைபடங்களில் சில பெயர்களுக்கு முன்னால் ‘உர்.’ என்று சுருக்கக் குறி இருக்கும். உரோச்சிஷ்ச்சே என்பதன் சுருக்கம். அவற்றில் பல, ஒரு காலத்தில் கிராமங்கள். 1960களிலும் 70களிலும் கிராமங்களை எதிர்காலம் உள்ளவை, எதிர்காலம் அற்றவை என்று அதிகாரிகள் பிரித்தார்கள். அற்றவை என்று எழுதப்பட்ட ஊரில் பள்ளிக்கூடம் மூடப்பட்டது, கடை போயிற்று, சாலை வரவில்லை. கடைசி ஆளும் போனபின் வரைபடத்தில் ஊர் என்ற குறி நீங்கி ‘உர்.’ ஏறியது. பெயர் மட்டும் அங்கேயே இருந்தது.

மொலோகா என்ற நகரத்துக்கு அதுவும் இல்லை. வோல்காவை ரிபின்ஸ்கில் மறித்து 1941 ஏப்ரலில் நீர்த்தேக்கத்தை நிரப்பத் தொடங்கினார்கள். வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் முகாம் கைதிகள். சுமார் 4,580 சதுர கிலோமீட்டர் நிலம் தண்ணீருக்குள் போயிற்று. ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் குடிபெயர்க்கப்பட்டார்கள். தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் மொலோகாவின் தெருக்கற்கள் வெளியே தெரிகின்றன. இதை ஸோல்ன்ட்ஸெவ் வகுத்த மொழியில் எழுதிப்பாருங்கள். கரையோரம் சதுப்பாகும், கரி மண் திட்டுகள் மிதக்கும், காற்றின் ஈரம் மாறும். ஒரு லாண்ட்ஷாஃப்ட் போய் இன்னொன்று வந்தது. நடந்த அத்தனையும் பதிவாகிவிடும், நஷ்டம் ஒன்றைத் தவிர. விஞ்ஞானம் அணை கட்டவில்லை. ஆனால் கட்டியவனிடம் கேட்கவேண்டிய கேள்விக்கு அதனிடம் சொல் இல்லாமல் போயிற்று.

5

இதைச் சொல்லி அந்த விஞ்ஞானிகளின் மேல் கல்லெறிவது சுலபம். அது நியாயமாகாது. பரீஸ் பொலினோவ் 1937இல் கைதாகி 1939இல் வெளியே வந்தார். அதன்பின் அவர் வளர்த்த துறை லாண்ட்ஷாஃப்டின் புவிரசாயனம்: மேட்டிலிருந்து சரிவுக்கும் சரிவிலிருந்து ஏரிக்கும் அணுக்கள் எப்படி இறங்கிப் போகின்றன என்பது. எல்லோரும் எல்லோரைப் பற்றியும் வாக்குமூலம் கொடுக்க நேர்ந்த காலத்தில் கல்லிடம் வாக்குமூலம் வாங்க முடியாது என்பதே ஒரு நிம்மதியாக இருந்திருக்கலாம். 1948 அக்டோபரில் இயற்கையை மாற்றியமைக்கும் மகத்தான திட்டம் அறிவிக்கப்பட்டது. எட்டுப் பெரும் மரவரிசைகள், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு. தொகுச்சாயெவின் பெயர் அதற்குப் பயன்பட்டது. ஸ்டாலின் இறந்ததும் திட்டம் கைவிடப்பட்டது. இப்படியொரு காலத்துக்குப் பிறகு, நிலத்தின் ஆதாரமான பாறையை மனிதனால் மாற்ற முடியாது, அவன் செய்தவை அவன் விட்டுவிட்டால் இயற்கையின் வழிக்கே திரும்பும் என்று ஸோல்ன்ட்ஸெவ் வாதிட்டதில் ஒரு மௌனமான எதிர்ப்பை நான் வாசிக்கிறேன். மனிதனைக் கழித்தது, மனிதன் என்ற பெயரில் ஆண்டவனைக் கழித்ததாகவும் இருக்கலாம்.

ஆனால் புகலிடம் என்பது வேறு, உண்மை என்பது வேறு. வொரோனெஷில் இருந்த ஃபியோதர் மில்கோவுக்கு இது தெரிந்தது. அவர் சுற்றிலும் பார்த்த கருமண் வெளியில் கை படாத இடம் என்று ஒன்று அநேகமாக இல்லை. ஏதாவது ஒரு கூறு மனிதனால் அடிப்படையில் மாறியிருந்தாலும் அது மனிதன் ஆக்கிய லாண்ட்ஷாஃப்டே என்றார். வயல், குளம், சுரங்கக்குழி, சாலை எல்லாவற்றையும் வகைப்படுத்தினார். 1973இல் வந்த அவருடைய மனிதனும் லாண்ட்ஷாஃப்டுகளும் என்ற நூல் இந்தப் பார்வையின் முக்கியமான ஆவணம். மனிதன் திரும்பி வந்துவிட்டான் என்று சந்தோஷப்படலாம். ஆனால் எப்படி வந்தான்? புல்டோஸராக வந்தான். ஆற்றைப் போல, பனிக்கட்டியைப் போல நிலத்தைச் செதுக்கும் இன்னொரு சக்தியாக. அவன் கை என்ன செய்தது என்பது பதிவாயிற்று. அவன் வாய் அந்த இடத்தை என்னவென்று கூப்பிட்டது, அங்கே யாரைப் புதைத்தான் என்பவை இன்னும் வெளியேதான் நின்றன.

6

வெளியே நின்றதை உள்ளே கொண்டுவர அவசரப்பட்டவர் லெவ் குமிலியோவ். கவி அன்னா அக்மதோவாவின் மகன். முகாம்களில் பல ஆண்டுகளைக் கழித்தவர். ஒவ்வொரு இனமும் தன்னைத் தாங்கும் லாண்ட்ஷாஃப்டில் பிறக்கிறது, அதோடு உடம்பும் நிழலும்போல ஒட்டியிருக்கிறது என்பது அவர் கொள்கை. புலம்பெயர்ந்த யூரேஷியவாதி பியோதர் ஸவீட்ஸ்கி 1920களில் இதற்கு வழி போட்டிருந்தார். வறண்ட வகைப்படுத்தல்களில் சலித்திருந்த வாசகனுக்கு இது உயிரூட்டும் சிந்தனையாகத் தோன்றியதில் ஆச்சரியமில்லை. மனிதன் கடைசியில் நிலத்தில் வேர்விட்டுவிட்டான்.

ஆனால் வேரின் தர்க்கம் என்ன? ஓர் இனத்துக்கு ஓர் இடம் சொந்தம் என்றால் இன்னொரு இனம் அங்கே அந்நியம். அந்நியமானது உள்ளே குடியேறி உருவாகும் கலப்பைக் குமிலியோவ் ‘கைமேரா’ என்றார், அழிவைக் கொண்டுவரும் பிறழ்வு என்ற அர்த்தத்தில். மண்ணைப் பற்றிய பேச்சு இங்கே ரத்தத்தைப் பற்றிய பேச்சாகிவிட்டது. சோவியத் காலத்தில் ஓரத்தில் தள்ளப்பட்டிருந்த இந்தச் சிந்தனை இன்று ஓரத்தில் இல்லை. ரஷ்ய அதிபர் 2012இல் ஆற்றிய ஆண்டுப் பேருரையில் குமிலியோவின் சொல்லாட்சி இடம்பெற்றது. 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படைகள் உக்ரேனுக்குள் புகுந்தபின் குண்டுகள் விழும் மண், தொகுச்சாயெவ் அளந்த அதே கருமண் வெளியின் தொடர்ச்சி. அவர் ஆராய்ந்த பொல்தாவா உக்ரேனில்தான் இருக்கிறது. கருமண் எந்த மொழியும் பேசவில்லை. அதை இன்னாருடையது என்று பேசவைத்தவர்கள் மனிதர்கள்.

இப்போது இரண்டு ஆபத்துகளும் எதிரெதிரே நிற்கின்றன. மனிதனைக் கழித்த நிலத்திலிருந்து மனிதர்களை அப்புறப்படுத்தலாம், கணக்கில் ஒன்றும் குறையாது. இனத்தோடு ஒட்டவைத்த நிலத்திலிருந்தும் மனிதர்களை அப்புறப்படுத்தலாம், கணக்கு அதைக் கேட்கவே செய்கிறது. பொருள், உடைமை என்ற இரண்டு உறவுகளைத் தவிர நிலத்தோடு வேறு உறவு கிடையாதா?

7

ரஷ்யச் சிந்தனைக்குள்ளேயே வேறு குரல்கள் உண்டு. 1928இல் வெனியமீன் ஸெம்யோனோவ்-தியான்ஷான்ஸ்கி புவியியலை ஓவியத்துக்கு அருகில் கொண்டுபோய் வைத்தார். ஒரு நாட்டைக் கண்ணால் காணத் தெரியாதவன் அதை அறிய முடியாது என்பது அவர் நிலை. 1942இல் முற்றுகையிடப்பட்ட லெனின்கிராடில் இறந்துபோனார். சோவியத் யூனியன் 1991இல் மறைந்தபின் ‘பண்பாட்டு லாண்ட்ஷாஃப்ட்’ என்ற பெயரில் பெய்ஸாஜும் லாண்ட்ஷாஃப்டும் மறுபடி பேச ஆரம்பித்தன. விளதீமிர் ககான்ஸ்கி போன்றவர்கள் நிலத்தை அறியும் முறையே அதனூடாகப் பயணம் செய்வதுதான் என்கிறார்கள். ஆய்வாளன் மேலிருந்து பார்ப்பவன் இல்லை, இடைகழியில் நடப்பவன்.

ஆனால் நான் தேடும் உறவை ஒரு நாவலில்தான் கண்டேன். வலெந்தீன் ரஸ்பூத்தினின் மத்யோராவுக்கு விடைகொடுத்தல் 1976இல் வந்தது. அணைக்காக மூழ்கப்போகும் ஒரு தீவு. வீடுகளைக் கொளுத்திவிட்டுப் போகவேண்டும் என்பது உத்தரவு. கிழவி தார்யா, நாளை எரியப்போகும் தன் வீட்டை இன்று வெள்ளையடிக்கிறாள். சுத்தம் செய்கிறாள். இது எந்த உபயோகத்திலும் சேராது. வீடு தன்னுடையது என்று அவள் வழக்காடவும் இல்லை; போய்விட்டது என்று அவளுக்குத் தெரியும். ரசிக்கவும் இல்லை. பிணத்தைக் குளிப்பாட்டுகிறவளைப்போல, செய்யவேண்டியதைச் செய்கிறாள். வீட்டுக்கு அவள் கடன்பட்டிருக்கிறாள்.

கடன்பட்டவன் என்ற ஸ்தானம் எந்த வரையறையிலும் இல்லை. கடன்பட்டவன் நிலத்தின் கூறும் ஆகமாட்டான், எஜமானனும் ஆகமாட்டான். அவன் கடன் அவனுக்கு முன் அங்கே இருந்தவர்களுக்கும், பின்னால் வரப்போகிறவர்களுக்கும், பேசாத மண்ணுக்கும் சேர்ந்தது. அதற்கு இனம் கிடையாது. நேற்று வந்து குடியேறியவனும் இன்று தண்ணீர் குடித்தால் இன்றே கடன்காரன்தான். தொகுச்சாயெவ் தம் நூலின் வருமானத்தைப் பட்டினி கிடந்தவர்களுக்குக் கொடுத்தபோது இந்த ஸ்தானத்தில்தான் நின்றார். அவருக்குப் பின் வந்த விஞ்ஞானம் அவருடைய ஐந்து காரணிகளை எடுத்துக்கொண்டது, இதை விட்டுவிட்டது.

கவிதை எழுதுகிறவர்கள் இதைக் கேட்டுவிட்டுத் தங்களைப் பற்றித் திருப்திப்பட வேண்டாம். விஞ்ஞானி மனிதனைக் கழித்தான் என்றால் நாம் நிலத்தைக் கழித்துவிட்டு மனிதனின் மனநிலையை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறோம். ஒரு பட்டமரம், ஒரு காய்ந்த ஆறு, நம் விரக்திக்குப் படிமமாகிவிட்டால் போதும். ஆறு ஏன் காய்ந்தது என்று கேட்க நமக்கு அவகாசம் இல்லை. பெய்ஸாஜின் பாவம் இது. லாண்ட்ஷாஃப்டின் பாவத்துக்குச் சற்றும் குறைந்ததில்லை.

வரைபட அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவர், ஊர் போனபிறகும் பெயரை அழிக்காமல் முன்னால் ‘உர்.’ என்று மட்டும் சேர்த்தார். விதிமுறை அப்படி இருந்திருக்கும். அவர் அதில் எதுவும் உணர்ந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனாலும் அந்தப் பெயரைப் படித்துக்கொண்டு இன்று ஒருவன் அங்கே போனால், புல்லுக்குள் ஓர் அடுப்பின் கற்களையோ வரிசையாக நிற்கும் ஆப்பிள் மரங்களையோ காண்பான். அது வெறும் பள்ளம் இல்லை என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பின் அவன் என்ன செய்யவேண்டும் என்பதை எந்த வரைபடமும் சொல்லாது.